கீழ்வாசலைப் பூட்டாதீர்கள்: எங்கள் சபை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குருவானவர் ஐயாவுக்கும் நிர்வாகக் குழுவிலுள்ள பெரியவர்களுக்கும்,

போன ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில் செயலாளர் வாசித்த அறிவித்தலைப் பற்றித்தான் எழுதுகிறேன். மூன்று தீர்மானங்கள். தோட்டத்துப் பாதையைப் பார்த்திருக்கிற கீழ்வாசல் இனிப் பூட்டியே இருக்கும், எல்லோரும் பஸ் ரோட்டுப் பக்கம் உள்ள மேல்வாசலால் வர வேண்டும். கரோல் ஆராதனைக்கும் நத்தார் நள்ளிரவு ஆராதனைக்கும் சந்தா அட்டை உள்ள குடும்பங்களின் பெயர்களை மட்டும் பதிவார்கள், வெளியார் வருவதென்றால் உறுப்பினர் ஒருவரின் கடிதத்தோடு வர வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் நடக்கிற ஆராதனை, போக்குவரத்துச் செலவு கட்டுப்படியாகாததால் நிறுத்தப்படுகிறது. இதை வாசித்துவிட்டு கடைசிக் கீர்த்தனையைப் பாடினோம், ஆசீர்வாதம் வாங்கினோம், கலைந்து போனோம். யாரும் வாய் திறக்கவில்லை. வருடாந்தப் பொதுக்கூட்டம் வரட்டும் என்று இருந்தால் நத்தாரே முடிந்துவிடும். அதனால்தான் இப்போதே, எல்லோரும் வாசிக்கக்கூடிய விதமாக எழுதுகிறேன்.

ஆலயத்தின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வேண்டுமென்றுதான் எழுதவில்லை. நம் ஆலயத்தை ஊருக்கு முன்னால் நிறுத்திக் குறை சொல்வதல்ல என் எண்ணம். ஆனால் இந்தத் தீர்மானத்தை விழுங்கிக்கொண்டு இருக்கவும் என்னால் முடியாது, ஏனென்றால் "வெளியார்" என்று நீங்கள் சொல்கிறவர்களில் பாதிப் பேரை அழைத்தவள் நான்.

நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், வேலை செய்கிறேன். விடிந்ததும் தாய்மார் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகுமுன் பிள்ளைகளைக் கொண்டுவந்து என் கையில் தருவார்கள். தருகிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாக் கதையும். புருஷன் கொழும்பிலிருந்து காசு அனுப்பவில்லை, மாமிக்கு நெஞ்சு வலி, பெரிய பிள்ளை படிப்பை விட்டுவிட்டு கடையில் நிற்கப் போகிறானாம். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்காது. "ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுக்கு வாங்கக்கா, சும்மா வந்து உக்காருங்க" என்று சொல்வேன். அவ்வளவுதான் என் அழைப்பு. கையில் துண்டுப் பிரசுரம் இல்லை, வந்தால் இது கிடைக்கும் அது கிடைக்கும் என்ற பேச்சும் இல்லை. சிலர் வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். வராதவர்களோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது, அடுத்த நாள் காலையில் அதே சிரிப்போடுதான் அவர்களுடைய பிள்ளையையும் வாங்குகிறேன்.

சரி, இந்தத் தீர்மானங்களுக்குக் காரணமாக நீங்கள் சொல்கிற, போன நத்தாருக்கு வந்த கூட்டம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யோசித்தீர்களா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலைநாடு முழுக்க மண் சரிந்த அந்த நாட்களில், நம் ஆலய மண்டபத்தைத் திறந்துவிட்டது இதே நிர்வாகக் குழுதான். அன்றைக்கு உங்களை நினைத்து நான் பெருமைப்பட்டேன், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. கீழ் லயத்துக் குடும்பங்கள் இருட்டில், மழையில், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தது அந்தக் கீழ்வாசலால்தான். மேல்வாசலுக்குச் சுற்றிப் போகிற பாதையில் மண் விழுந்து கிடந்தது. அன்றைக்கு யாரும் சந்தா அட்டை கேட்கவில்லை. பெண்கள் ஐக்கியத்துத் தாய்மார் பெரிய சட்டியில் பருப்பும் சோறும் ஆக்கினார்கள், வாலிபர் சங்கத்துப் பொடியன்மார் பாய் தூக்கினார்கள், குருவானவர் ஐயா தன் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்து கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். இரவில் மண்டபத்தில் நாம் பாடிய பாட்டுகளை அவர்களும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். சில பிள்ளைகள் இரண்டு மூன்று நாளில் கூடவே பாடத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தக் குடும்பங்கள்தான் நத்தார் இரவு வந்தார்கள். நன்றி சொல்ல வந்தார்கள், நம்மோடு இருக்க வந்தார்கள், அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்க வந்தார்கள். அவர்களைத்தான் "கட்டுப்பாடில்லாத கூட்டம்" என்று அறிவித்தலில் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த இரவு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கீழ் லயத்து அக்கா ஒருவர், அவருடைய காம்பராவின் பின்சுவர் மண்ணோடு போயிருந்தது, கைப்பிள்ளையோடு நேரத்துக்கே வந்து முன்பக்கத்தில் ஒரு வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முதலாவது பாட்டு முடிந்த பிறகு நம் சபைக் குடும்பம் ஒன்று வந்தது. சத்தம் போடவில்லை, திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்கள், "இது எங்க வாங்கு" என்று. அந்த அக்கா பதறி எழும்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "தெரியாம உக்காந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் பின்தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஆராதனை முடிகிறவரை நின்றார். வரவேற்க என்று கையில் பட்டி கட்டி நின்ற நம் ஆட்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முன்வரிசையில் தோட்டத்துரைக்கும் வங்கி மனேஜருக்கும் பிரதேச சபைக்காரருக்கும் பெயர் ஒட்டிய கதிரைகள் போட்டிருந்தோம், அதில் சிலது கடைசிவரை வெறுமையாகவே கிடந்தது. யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை நம் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். மினுக்கான உடுப்பு போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்கு நிற்கிற இடமும் கொடுப்பதைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த அக்கா இப்போதும் பிள்ளையை என்னிடம்தான் கொண்டுவந்து விடுகிறார். சர்ச் பேச்சு எடுத்தால் "பொறகு பாப்பம் டீச்சர்" என்கிறார்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்து அசிங்கமாக இருந்தது என்பதும் நீங்கள் சொன்ன ஒரு காரணம். இதை வாசிக்கக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. நாம் சப்பாத்தோடு உள்ளே போகிறவர்கள். அவர்கள் சாமி இருக்கிற இடத்துக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக்கூடாது என்று வளர்ந்தவர்கள். மார்கழிக் குளிரில், அந்தச் சீமெந்துத் தரையில், குழந்தைகள் உட்பட எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள். நம் ஆலயத்துக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது. வாசலில் பலகையால் ஒரு செருப்புத் தட்டு அடித்து வைத்தால் முடிகிற காரியத்துக்கு ஆட்களையே வரவேண்டாம் என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம்?

இடம் போதவில்லை என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. சந்தா கட்டுகிற குடும்பங்களின் முதியவர்கள் சிலர் நிற்க வேண்டி வந்ததும் உண்மை, அவர்கள் மனம் நொந்ததிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இடம் போதாவிட்டால் இரண்டு ஆராதனை வைக்கலாம். மண்டபத்தில் கதிரை போட்டு ஸ்பீக்கர் கட்டலாம். புயலுக்குத் திறந்த அதே மண்டபம்தானே.

பாதுகாப்பு என்றும் சொன்னீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் நம் எல்லோருக்கும் ஆறாத காயம். கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயம், இந்தப் பெயர்களைக் கேட்டால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. அதற்குப் பிறகு பையைத் திறந்து பார்த்தார்கள், அடையாள அட்டை கேட்டார்கள், நாம் எல்லோரும் ஒத்துழைத்தோம், தேவைப்பட்டால் இனியும் ஒத்துழைப்போம். ஆனால் பையைப் பார்ப்பது வேறு, சிபாரிசுக் கடிதம் கேட்பது வேறு. வாசலில் நின்று பார்க்கிறவர் எல்லோருடைய பையையும் பார்க்கட்டும், என்னுடையதையும் பார்க்கட்டும். கடிதம் என்று வந்தால், அந்தக் கடிதத்துக்காக லயத்து மனுஷி டவுனில் யாருடைய வீட்டு வாசலில் போய் நிற்பாள்? நிற்கமாட்டாள். பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

அடுத்தது மதமாற்றம் என்ற பேச்சு. தோட்டத்துக் கோயில் கமிட்டிக்காரர்கள் குறை சொல்கிறார்கள், வீண் பிரச்சினை வேண்டாம் என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். நான் கமிட்டித் தலைவரிடம் நேரே போய்க் கேட்டேன். அவர் வருடாவருடம் குடும்பத்தோடு நம் கரோலுக்கு வருகிறவர். அவருக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் நம்மேல் அல்ல, அரிசிப் பையையும் பால்மாவையும் கொடுத்துவிட்டு அடுத்த வாரமே சாமிப் படத்தைக் கழற்று என்று சொல்கிற ஆட்கள்மேல். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. வறுமையைக் காட்டி ஆள் பிடிப்பது கிறிஸ்துவுக்கே அவமானம். 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது நம் சபைகள் எல்லாம் பதறிப்போயின. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்றுக்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் உரிமை கொடுக்கிறது என்று அன்றைக்கு நாமே எடுத்துச் சொன்னோம். அந்த உரிமை லயத்துக்காரருக்கும்தான். வந்து பார்க்கவும், பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவும் அவருக்குச் சுதந்திரம் வேண்டும். ஆசை காட்டாமல், பயம் காட்டாமல், கணக்கு வைக்காமல் கூப்பிட நமக்குத் தெரிய வேண்டும்.

எப்படிக் கூப்பிடுவது என்பதை நம் தோட்டத்திலேயே பார்க்கலாம். மாரியம்மன் திருவிழா வந்தால் கமிட்டிக்காரர்கள் லயம் லயமாக ஏறி இறங்கிச் சொல்வார்கள். வேதக்காரர் வீடு என்று எங்கள் வாசலைத் தாண்டிப் போனதே இல்லை. "வாங்க, சாமி கும்பிடாட்டிப் பரவாயில்ல, வந்து சாப்பிட்டுப் போங்க" என்று அம்மாவிடம் சொல்வார்கள். அன்னதானப் பந்தியில் யாரும் யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை. தைப்பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வரும், நத்தாருக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் போகும். இப்படி இருந்து பழகியவர்கள் நம் வாசலில் வந்து நிற்கும்போது "கடிதம் இருக்கிறதா" என்று நாம் கேட்டால் அவர்கள் மனதில் நம்மைப் பற்றி மட்டுமல்ல, நம் ஆண்டவரைப் பற்றியும் என்ன நினைப்பார்கள்?

வந்தவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிக் கொடுப்பதும் அழைப்பில் சேர்ந்ததுதான். எப்போது எழும்ப வேண்டும், எப்போது முழங்காற்படியிட வேண்டும், வழிபாட்டுப் புத்தகத்தில் எந்தப் பக்கம், ஒன்றும் தெரியாமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். ஈஸ்டருக்குப் பிறகு வந்த ஒரு ஞாயிறில், தோட்டத்துப் பொடியன் ஒருவன் எல்லோரும் போகிறார்களே என்று நற்கருணை வரிசையில் தானும் போய் நின்றான். அவனைக் கையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினார்கள். ஞானஸ்நானம் பெறாதவருக்கு நற்கருணை இல்லை என்ற ஒழுங்கை மாற்றும்படி நான் கேட்கவில்லை. "இன்னும் நற்கருணை எடுக்காதவர்களும் முன்னால் வரலாம், தலை குனிந்து நின்றால் ஐயா கை வைத்து ஆசீர்வதிப்பார்" என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பொடியன் அத்தனை பேருக்கு முன்னால் கூனிக் குறுகி நின்றிருக்க மாட்டான். அப்படிச் சொல்கிற ஆலயங்கள் இருக்கின்றன.

இனி லயத்து ஆராதனை. செலவு கட்டுப்படியாகவில்லை, காணிக்கை போதவில்லை என்கிறீர்கள். நம் சபை எப்படித் தொடங்கியது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோப்பித் தோட்டங்களில் நம் முன்னோர் வேலை செய்த காலத்தில், 1854இல் தமிழ்க் கூலி மிஷன் ஆரம்பமானது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து, லயத்து வாசலில் நின்று வாசித்தார்கள், பாடினார்கள், ஜெபித்தார்கள். அன்றைய லயத்து ஆட்கள் டவுனுக்கு வர வழியில்லை, அதனால் ஊழியம் அவர்களிடம் போனது. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாருக்கு என்று தனியாக ஆலயங்கள் எழும்பின, டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி கிறிஸ்து ஆலயம் போல. நம்முடைய தமிழ்ச் சபை பிறந்தது அந்த உபதேசியார்களின் கால்நடையில். என் கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானம் எடுத்தது ஒரு லயத்து வாசலில்தான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற பல குடும்பங்களின் கதையும் அதுதான், டவுனில் வீடு கட்டிக் குடியேறியதால் அது மாறிவிடாது.

கொழுந்து கூடின மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு மலைக்குப் போகிறார்கள். அந்தக் காசில்தான் பிள்ளையின் கொப்பி வாங்குகிறார்கள். காலை ஏழரை ஆராதனைக்கு அவர்களால் வரவே முடியாது. பின்னேர லய ஆராதனை ஒன்றுதான் அவர்களுக்கு இருக்கிறது. பிள்ளை மடுவத்தின் முன்திண்ணையில் பாய் விரித்து, ஒரு லாம்பு வைத்து, நான்கு பாட்டும் ஒரு ஜெபமும் சிறிய பிரசங்கமும். நுவரெலியாவில் கடையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்த பொடியன்மாரும் வந்து ஓரத்தில் நிற்பார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பம் ஒன்று வரும், அவர்களுக்காக வாலிபர்கள் ஒரு பாட்டைச் சிங்களத்திலும் பாடுவார்கள். இதை நிறுத்த ஓட்டோ கூலி ஒரு காரணமா? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்குப் போட்டி போட்டு நாம் கொடுக்கிற காசு பல மாதத்து ஓட்டோவுக்குப் போதும்.

வியாழக்கிழமை கீழ்வாசல் பக்கம் போய்ப் பார்த்தேன். புதுப் பூட்டு தொங்குகிறது. அந்த வாசல் வழியாக லயத்திலிருந்து தேயிலைக்குள்ளால் கால் மணி நேரத்தில் வந்துவிடலாம், வயது போனவர்களும் தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக ஏறிவிடுவார்கள். மேல்வாசலுக்கு என்றால் ரோட்டுக்கு இறங்கி, சுற்றி நடந்து, பிறகு அந்தச் செங்குத்தான கல்படிகளில் ஏற வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கூடை சுமந்து மலை ஏறி முழங்கால் தேய்ந்த அம்மாமாருக்கு அந்தப் படி ஏறச் சொல்வது, வராதே என்று சொல்வதற்குச் சமம்.

ஆகவே நான் கேட்கிறேன். நத்தாருக்கு ஆயத்தமாகிற அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறுக்கு முன்னால் அந்தப் பூட்டைக் கழற்றுங்கள். களவு பயம் என்றால் ஆராதனை நேரத்தில் மட்டும் திறந்து வைத்து ஆளை நிறுத்துங்கள், அந்த வேலைக்கு வாலிபர் சங்கம் தயார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நத்தாருக்குப் பெயர்ப் பதிவும் கடிதமும் வேண்டாம், அந்தத் தீர்மானத்தை எழுத்தில் வாபஸ் வாங்கி, போன ஞாயிறு வாசித்த அதே இடத்தில் வாசியுங்கள். நள்ளிரவு ஆராதனைக்குக் கூட்டம் அதிகம் என்றால் மாலையில் இன்னொன்று வையுங்கள், ஆனால் தோட்டத்துக்காரருக்கு ஒன்று டவுன்காரருக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டாம், யாரும் எதற்கும் வரலாம் என்று இருக்கட்டும். பெயர் ஒட்டிய கதிரைகளை எடுத்துவிடுங்கள். துரை வந்தாலும் கங்காணி வந்தாலும் கொழுந்து பறிக்கிறவர் வந்தாலும் இடம் இருக்கிற வாங்கில் உட்காரட்டும், முதலிடம் முடியாதவர்களுக்கும் கைப்பிள்ளைக்காரருக்கும் கிடைக்கட்டும்.

வரவேற்கிறவர்கள் குழுவில் லயத்திலிருந்து வருகிற உறுப்பினர்கள் இரண்டு பேரையாவது சேருங்கள். புதிதாக வருகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்து கொடுக்கட்டும், வாசிக்கத் தெரியாதவர் என்றால் கூடவே மெதுவாகச் சொல்லிக் கொடுக்கட்டும். ஆராதனை முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது முதல் கோப்பை அவர்களுக்குப் போகட்டும். நற்கருணைக்கு முன்னால் அந்த ஒரு வார்த்தையை ஐயா சொல்லுங்கள். செருப்புத் தட்டுக்குப் பலகை நான் தருகிறேன், அடிக்கிற கூலிக்கு நிர்வாகம் பொறுப்பெடுங்கள்.

லயத்து ஆராதனை நிற்கக்கூடாது. மாதம் ஒருமுறை என்பதை இரண்டாக்க முடியாவிட்டாலும் ஒன்றையாவது விடாமல் நடத்துங்கள். செலவுக்குத் தனி உண்டியல் வையுங்கள், நம் சபையார் போடுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அப்புறம் கடைசியாக ஒன்று. வாங்கிலிருந்து எழுப்பிவிட்ட அந்த அக்காவின் வீட்டுக்கு, நத்தாருக்கு முன்னால், நிர்வாகக் குழுவிலிருந்து யாராவது நேரே போய்க் கூப்பிடுங்கள். அறிவித்தல் போட வேண்டாம், கார்ட் அனுப்ப வேண்டாம், ஆள் போக வேண்டும். வீடு நான் காட்டுகிறேன்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இந்த மடலை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, என்னையும் கீழ் லயத்திலிருந்து இரண்டு பேரையும் பேசக் கூப்பிடுங்கள். பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிரதியைச் செயலாளரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.